கோட்டாவுக்குத் தமிழ்: ஒதுக்கீடா, வரம்பா, பங்களவா?

வணக்கம்.

மென்பொருள் பிழைச் செய்திகளில் வரும் கோட்டாவுக்கு (இவ்வளவுதான் கேட்டுப் பயன்படுத்தலாம் என்று வைக்கும் அளவு) தமிழ்ச் சொல் தேடும் இழை நீண்டுவிட்டது, இன்னும் ஒரு மடலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சாய்வது பங்களவு பக்கம். அகராதியைப் புரட்டுவதற்கு முன்னால் கோட்டா போதாத பிழை நடக்கிற இடத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

போன மாதம் எங்கள் குழுவில் நடந்தது. மேம்பாட்டுச் சூழலுக்கென்று குபர்நெட்டீஸில் (நிரல்களைப் பல இயந்திரங்களில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) தனி நேம்ஸ்பேஸ், அதாவது தனிப் பகுதி, அதற்கு சிபியு கோட்டா 3. ஓடிக்கொண்டிருந்தவை 3 பாட்கள் (நிரல் ஓடும் சிறு அலகுகள்), ஒவ்வொன்றும் 1 சிபியு. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? புதிய பதிப்பைக் களமிறக்கினோம். கட்டளை ஒரு முனகலும் இல்லாமல் முடிந்தது. பட்டியலில் மூன்று பாட்களும் பச்சையாக ஓடின, ஆனால் மூன்றும் பழையவை. 600 வினாடி கழித்துத்தான் காலக்கெடு கடந்துவிட்டதாகத் தகவல் வந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி அரை நாள் நிரல் அடங்கிய இமேஜையும் நெட்வொர்க்கையும் மாறி மாறிச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

காரணம் பாட்களின் எண்ணிக்கையைப் பராமரிக்கும் ரெப்ளிக்காசெட்டின் நிகழ்வுக் குறிப்பில் கிடந்தது. பதிப்பு மாற்றும்போது குபர்நெட்டீஸ் 25 சதவீதம் வரை கூடுதல் பாட்களை எழுப்பும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதுதான் வழக்கம். 3-இல் 25 சதவீதம் முக்கால், அதை மேல்நோக்கி முழுமையாக்கி 1 என்று எடுத்துக்கொள்ளும். எத்தனை பாட் குறையலாம் என்பதற்கும் அதே 25 சதவீதம்தான், ஆனால் அது கீழ்நோக்கிப் போய் 0 ஆகிவிடும். ஆக, பழையதில் ஒன்றைக்கூட இறக்காமல் நான்காவதை ஏற்றப் பார்க்கிறது. கோட்டாவில் நான்காவதற்கு இடமில்லை. கோட்டாவை 4 ஆக்கினாலும் தீரும், கூடுதல் 0, குறைவு 1 என்று மாற்றினாலும் தீரும்.

அந்தக் குறிப்பில் மூன்று எண்கள் இருந்தன. கேட்டது 1, பயன்பாட்டில் 3, கோட்டா 3. நாம் பெயர் தேடுவது இந்த மூன்றாவதற்குத்தான். எங்கள் உள்ளகக் கருவி இந்தக் குறிப்பைச் சுருக்கி 'வரம்பு மீறப்பட்டது' என்று மட்டும் காட்டியது. அதே வாசகத்தை வேறு மூன்று பிழைகளுக்கும் போட்டிருந்தோம், அதனால் தம்பி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தமிழாக்கியது நான்தான்.

> ஒதுக்கீடு என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

தெரிந்த சொல்தான், ஆனால் கணினித் தமிழில் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. நினைவக ஒதுக்கீடு என்கிறோம். உண்மையாகவே எடுத்துக் கொடுத்துவிடுவதைச் சொல்கிறோம். கோட்டா எதையும் எடுத்து வைப்பதில்லை, 'இதற்கு மேல் கேட்காதே' என்று மட்டும் சொல்கிறது. அப்புறம், கூகுள் கிளவுட் ஆவணங்களில் 'அலொகேஷன் கோட்டா' என்றே ஒரு வகை உண்டு. அதை 'ஒதுக்கீட்டு ஒதுக்கீடு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> வரம்பு போதும். அமேசானும் முதலில் லிமிட் என்றுதானே சொன்னது?

சொன்னது. 2019-இல் சர்வீஸ் கோட்டாஸ் வந்த பிறகு அவர்களே கோட்டாவுக்கு மாறிவிட்டார்கள். லினக்ஸ் வட்டுக் கோட்டாவைப் பாருங்கள்: மென் வரம்பு ஒன்று, வன் வரம்பு ஒன்று, மென் வரம்பைத் தாண்டினால் கொஞ்ச நாள் சலுகை. கோட்டாவுக்கு உள்ளேயே இரண்டு வரம்புகள் இருக்கும்போது கோட்டாவையும் வரம்பு என்றால் எதை எதிலிருந்து பிரிப்பது? வரம்பை வரம்புக்கே விட்டுவிடலாம். குபர்நெட்டீஸில் அமைப்புகளைச் சேமிக்கும் கான்ஃபிக்மேப்பில் 1 மெபிபைட்டுக்கு மேல் வைக்க முடியாது, அது வரம்பு. யாருக்கு மனுப் போட்டாலும் அதைக் கூட்ட முடியாது. கோட்டாவுக்கு மனுப் போடலாம்.

இதைவிடக் குழப்பம் தருவது இருப்பு. லினக்ஸில் பிழை எண் 122 என்றால் உங்கள் கோட்டா தீர்ந்தது, 28 என்றால் வட்டிலேயே இடமில்லை. மேகக் கணிமையிலும் (வாடகைக்கு எடுக்கும் இயந்திரங்களில்) அப்படித்தான். கோட்டா தாராளமாக இருக்கும், அந்த மண்டலத்தில் அந்த வகை இயந்திரம் கையிருப்பில் இருக்காது. அப்போது கோட்டாவைக் கூட்டச் சொல்லி விண்ணப்பம் எழுதுவது வீண் வேலை. வேறு மண்டலம் பார்க்க வேண்டும், அல்லது வேறு வகை இயந்திரம். இதற்குக் 'கொள்ளளவு போதாமை' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'இருப்பில்லை' என்றாலே யாருக்கும் புரியும்.

429 என்ற இணையப் பிழை எண் தனிக் கதை. அது கோரிக்கைகள் வரும் வேகம் பற்றியது. பொறுத்துக் கேட்டால் கிடைக்கும். வீத வரம்பு என்பதே இருக்கட்டும்.

> அனுமதியளவு?

பொருள் நன்றாகப் பொருந்துகிறது, ஒரு நாள் முழுக்க நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். சிக்கல் என்னவென்றால், குபர்நெட்டீஸ் கோட்டா போதாதபோது 403 (தடை என்று பொருள்படும் பிழை எண்) என்று பதில் தருகிறது. அதைப் பார்த்ததுமே ஆட்கள் உரிமைக் கோப்புகளைத் தோண்டக் கிளம்பிவிடுகிறார்கள். செய்தியிலும் 'அனுமதி' என்று நின்றால் சுத்தம்.

> பங்கு என்றால் உரிமை. கோட்டா இருந்தும் இருப்பில்லாமல் போகலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பங்களவு அந்த அளவுக்குக் கூடுதலாகவே வாக்குக் கொடுக்கிறது. ஆனாலும் நேரக் கோட்டாவுக்கு அது அழகாக உட்காருகிறது. கிட்ஹப் கோட்ஸ்பேசஸில் (இணையம் வழியாக நிரல் எழுதத் தரும் இயந்திரங்கள்) இலவசக் கணக்குக்கு மாதம் 120 கோர் மணி. 2 கோர் இயந்திரம் என்றால் 60 மணி, 4 கோர் என்றால் 30. 'இம்மாதப் பங்களவு தீர்ந்தது' என்றால், அடுத்த மாதம் மறுபடி கிடைக்கும் என்பதும் அதிலேயே தொனிக்கிறது. 'வரம்பு தீர்ந்தது' என்று யாரும் சொல்ல மாட்டோம். (பங்களவு என்றதும் பங்களா நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். பழகினால் போய்விடும்.)

இன்னொன்று, 'மீறல்' வேண்டாம். மேலே பார்த்த கதையில் யாரும் எதையும் மீறவில்லை. கேட்டார்கள், கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மீறல் என்றதும் பயனர் குற்றவாளி ஆகிவிடுகிறார். தமிழில் இதற்கு 'போதவில்லை' என்று நல்ல வினை இருக்கிறது. ஆகவே செய்தி இப்படி: 'பங்களவு போதவில்லை. கேட்டது 1, பயன்பாட்டில் 3, பங்களவு 3.'

கூடவே, களமிறக்கத்தை (டிப்ளாய்மென்ட்) 'வரிசைப்படுத்தல்' என்று போட்ட பழைய வரிகள் மொழிபெயர்ப்புக் கோப்பில் இருந்தன. எந்த இயந்திர மொழிபெயர்ப்பிலிருந்து ஒட்டிக்கொண்டதோ, 'வரிசைப்படுத்தல் தோல்வி' என்று படிப்பவர் அகரவரிசையில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார். அவற்றை நேற்றே மாற்றிவிட்டேன். பங்களவுக்கு வெள்ளி வரை பார்க்கிறேன். அதற்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் அதையே போட்டுவிடலாம்.