மறு: காம்பொனென்ட்: கூறா, பதிகூறா, உறுப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

இணையப் பக்கம் கட்டும் ரியாக்ட் நிரலகத்தில் 'காம்பொனென்ட்' என்பதற்கு, அதாவது பக்கத்தைக் கட்டப் பயன்படும் தனித்துண்டுக்கு, என்ன தமிழ்ச்சொல் என்று மூன்று நாளாக வரும் மடல்களைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை செந்தூல் வகுப்புக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பாடக்குறிப்பில் "பக்கத்தில் கூறு ஒன்றைச் சேர்க்கவும்" என்று போட்டிருந்தேன். ஒரு பையன் கேட்டான், "எதைக் கூறணும் அண்ணே?"

சிரித்துவிட்டேன், ஆனால் குறை அவனிடம் இல்லை. கூறு என்பது பிரித்து வைத்தது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மிளகாயைக் கூறு கூறாக வைத்து விற்கிறார்களே, மலாயில் லோங்கோக், அதுதான். ரியாக்டில் நடப்பது தலைகீழ்: தனித்தனியாக எழுதி வைத்ததைக் கோத்துப் பக்கம் கட்டுகிறோம்.

பினாங்கு அண்ணன் சொன்ன 'பதிகூறு' நல்ல வினைத்தொகை, காதுக்கும் இனிமை. ஆனால் ரியாக்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட்.ஜேஎஸ்-இல் எம்டிஎக்ஸ் (எளிய குறிகளால் எழுதும் மார்க்டவுன் உரைக்குள் காம்பொனென்டையும் சேர்க்க விடும் வடிவம்) அமைத்துப் பார்த்தால் அது பாதிதான் பொருந்துகிறது. பொதிகளை (பேக்கேஜ்) நிறுவி, எந்தெந்தக் கோப்புவகை பக்கமாகும் என்ற பட்டியலில் எம்டிஎக்ஸையும் சேர்த்த பிறகு, ஆப் ரவுட்டர் (நெக்ஸ்ட்.ஜேஎஸ் பக்கங்களுக்கு வழியமைக்கும் ஒரு முறை) என்றால் 'எம்டிஎக்ஸ்-காம்பொனென்ட்ஸ்' என்ற கோப்பு கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடாது. அதன் வேலை என்ன? எழுதுபவர் வழக்கம்போல மார்க்டவுனில் தலைப்புக் குறி போட்டு எழுதுகிறார். அந்த இடத்தில் நாம் செய்து வைத்த தலைப்பு காம்பொனென்ட் சத்தமில்லாமல் வந்து உட்காருகிறது. அவர் எதையும் பதிக்கவில்லை, வந்ததே அவருக்குத் தெரியாது. வினாப்பெட்டி ஒன்றைக் கொணர்ந்து கோண அடைப்புக்குள் அவரே எழுதுகிறாரே, அது மட்டும்தான் பதிகூறு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டாமா?

என் ஓட்டு உறுப்புக்கு. உடலுறுப்பு தானம் ஞாபகம் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார், வரட்டுமே. யாப்பில் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை எல்லாமே உறுப்புதான். யாப்பருங்கலக் காரிகையின் முதல் இயலுக்கே உறுப்பியல் என்று பெயர். எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. ஒன்றுக்குள் ஒன்றாக நாம் ரியாக்டில் அடுக்குவதும் இப்படித்தானே. மலாயில் கொம்போனென் என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள், தப்பில்லை, ஆனால் நம் வீட்டிலேயே ஒரு சொல் சும்மா கிடக்கிறது.

எம்டிஎக்ஸ் பக்கத்துக்கு 'உறுப்பேற்ற பக்கம்' என்று வைக்கலாம். நிரலில் வரும் 'இம்போர்ட்'டுக்கு 'இறக்குமதி' மட்டும் வேண்டவே வேண்டாம், கிள்ளான் துறைமுகத்தில் நிற்பது போல் இருக்கிறது. 'கொணர்' போதும்.

* * *

தம்பி, பினாங்கிலிருந்து நான்தான். யாப்பைக் கொண்டுவந்து என் வாயை அடைத்துவிட்டீர்கள். சரி, கூறை விடுகிறேன், 'பதி'யை விட மாட்டேன். எழுதுபவரே இடுவது பதியுறுப்பு, தானாக வந்து உட்காருவது மாற்றுறுப்பு. எப்படி?

அப்புறம் ஒன்று. ஜேஎஸ்எக்ஸில் (ரியாக்டில் எச்டிஎம்எல் போலவே குறியிட்டு எழுதும் முறை) ஆங்கிலச் சின்ன எழுத்தில் தொடங்கினால் எச்டிஎம்எல் குறி, பெரிய எழுத்தில் தொடங்கினால் உறுப்பு என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறோம். நமக்கு ஏது பெரிய எழுத்து? வினாப்பெட்டி என்று தமிழிலேயே பெயர் வைத்துப் பார்த்தேன், உறுப்பாகவே எடுத்துக்கொள்கிறது. முதல் எழுத்து ஆங்கிலச் சின்ன எழுத்தா என்று மட்டும்தான் பார்க்கிறது போல, தமிழ் எழுத்து அதில் சிக்குவதில்லை. குறிப்பில் இதையும் போடுங்கள். பழைய மார்க்டவுன் கோப்பில் எச்டிஎம்எல் பாணியில் குறிப்புரை (காமென்ட்) இருந்தால் எம்டிஎக்ஸ் முரண்டு பிடிக்கும், அதை நெளி அடைப்புக்குள் மாற்ற வேண்டும், அதையும்தான்.

* * *

மாற்றுறுப்பு வேண்டாம் அண்ணே, செயற்கைக் கால் மாதிரி இருக்கிறது. பதியுறுப்பை எடுத்துக்கொள்கிறேன். வரும் சனிக்கிழமைக் குறிப்பில் போடுகிறேன், அந்தப் பையன் என்ன கேட்கிறான் பார்ப்போம்.