பொருள்: ஊசி போட்டபின் ஓரிடத்தில் இருக்க விடாத பக்கவிளைவு – தமிழில் என்ன சொல்லலாம்?

கொட்டாஞ்சேனையிலிருந்து, மருந்தாளர் (செவ்வாய் இரவு)

கலைச்சொல் குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். எங்கள் மனநல கிளினிக்கில் மாத ஊசி போடுகிறவர்களுக்கென்று மூன்று மொழியிலும் ஒரு துண்டுப்பிரசுரம் தயாராகிறது. சிங்களமும் ஆங்கிலமும் முடிந்தாயிற்று. தமிழ் என் மேசையில் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். வாய் காய்தல், மலச்சிக்கல், கைநடுக்கம், தசை இறுக்கம் எல்லாம் எழுதிவிட்டேன். அகதீசியாவில் நின்றுபோனேன்.

தெரியாதவர்களுக்காக: ஹாலோபெரிடோல், புளூபெனசின் போன்ற மனநோய் மருந்தைத் தொடங்கிச் சில நாட்களில் அல்லது வாரங்களில், இல்லாவிட்டால் அளவைக் கூட்டியதும், சிலருக்கு உள்ளுக்குள் ஒரு உந்தல் வரும். இருந்தால் எழும்பச் சொல்லும், நின்றால் நடக்கச் சொல்லும். போன கிழமை ஒரு ஐயா என் ஜன்னலுக்கு வந்தார். குளிசைப் பைகளில் நான் நேரம் எழுதி முடிக்கும்வரை இடது காலும் வலது காலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே நின்றார். "இருங்கோ ஐயா" என்று வாங்கைக் காட்டினேன். இருந்தார், எழும்பினார், திரும்பவும் இருந்தார். "அவசரமா போகவேணுமோ?" என்று கேட்டேன். "அவசரம் ஒண்டுமில்லைப் பிள்ளை, இந்தக் கால்தான் விடுகுதில்லை" என்றார். பக்கத்தில் நின்ற மகள், "அப்பாவுக்கு வருத்தம் திரும்பக் கூடுது போல" என்று என் காதுக்குள் சொன்னா.

சிக்கலே அதுதான். வருத்தம் கூடிவிட்டதென்று மருந்தைக் கூட்டினால் இதுவும் கூடும். கூட்டாமல் பேசாமல் விட்டால், ஆள் அடுத்த ஊசிக்கு வரமாட்டார். அவர் வாசித்து, "எனக்கு இருக்கிறது இதுதான்" என்று கவுண்டரில் வந்து சொல்லக்கூடிய சொல்லாகத் தாருங்கள். சிங்களத்தில் 'நொசன்சுன்கம' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரோ பென்சிலால் 'அமைதியின்மை' என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

தெஹிவளையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

அக்கா, அந்தப் பென்சில் எழுத்தை முதலில் அழியுங்கள். எங்கள் பத்திரிகைகளில் அமைதியின்மை என்றால் பொலிஸாரும் இராணுவத்தினரும் குவிக்கப்படுவார்கள். அடுத்த பந்தியில் ஊரடங்கு வரும். நோயாளிக்கு அது வேண்டாம்.

அகதீசியா என்று அப்படியே ஒலிபெயர்ப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒட்சிசன், ஐதரசன் என்று எழுதிப் படித்தவர்கள்தான் நாங்கள், ஒலிபெயர்ப்பில் எனக்குப் பகை இல்லை. ஆனால் இந்த நாட்டில் ஒரு தமிழர் 'அகதீ' வரை வாசித்தால் மிச்சத்தை அவராகவே நிரப்பிக்கொள்வார். முகாமும் பதிவும் நிவாரண அட்டையும்தான் ஞாபகம் வரும்.

என் முன்மொழிவு 'அந்தரம்'. "ஒரே அந்தரமா இருக்கு" என்று அம்மாக்கள் சொல்வதில் இது முழுக்க இருக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பிள்ளைக்கும் தம்பிக்கும்,

அந்தரம் வடசொல். அதுவும் போக, அந்தரத்தில் தொங்குவது வேறு, அந்தரப்படுவது வேறு. கலைச்சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும்.

தமிழில் சொல் இல்லையென்று கைவிரிக்க வேண்டாம். 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்று தொல்காப்பியர் உரியியலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குறுந்தொகை 28ஆம் பாட்டில் ஔவையார் அந்த அலமரலை எடுத்தாள்கிறார். முட்டுவேனோ, தாக்குவேனோ, கூவுவேனோ என்று ஒருத்தி தவிக்கிறாள். ஊரோ அவள் நோயை அறியாமல் தூங்குகிறது. பிள்ளை சொன்ன மகளும் தகப்பனும் அங்கேயே நிற்கிறார்கள். அலமரல் என்று போடுங்கள். 'நோய்' என்ற பின்னடை தேவையில்லை.

தெஹிவளை

> குறுந்தொகை 28ஆம் பாட்டில் ஔவையார் அந்த அலமரலை எடுத்தாள்கிறார்

மன்னிக்கவேணும் மாஸ்டர். 'அலமரல் அசைவளி அலைப்ப' என்றுதானே வருகிறது? அங்கே அலமருவது காற்று. தலைவி அல்ல.

வெள்ளவத்தை

தம்பி, காற்றின் அலமரலைச் சொன்னது தலைவியின் அலமரலைச் சொல்லத்தான். இதை நான் உயர்தர வகுப்பில் எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறேன். நீர் அந்த வகுப்புக்கு வரவில்லை போலும்.

பம்பலப்பிட்டியிலிருந்து, பொறியியலாளர்

சண்டைக்கு நடுவே கொஞ்சம் வேர்ச்சொல். அகதீசியா கிரேக்கம். முன்னால் நிற்கும் 'அ' இன்மையைச் சொல்வது, நம் அநீதி, அகதியில் வருவது போல. மீதி 'கதிசிஸ்', அதாவது இருத்தல், உட்காருதல். 1901இல் ஹஷ்கோவெக் என்ற செக் நாட்டு நரம்பியல் மருத்துவர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதும்போது வைத்த பெயர். இந்த வகை மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசின் மனநோய்க்கு வந்ததே 1952இல்தான். ஆக, மருந்து வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே பெயர் வந்துவிட்டது.

இனித்தான் சுவை. கதிசிஸுக்குள் இருப்பது 'ஸெத்' என்ற பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். அதே வேர்தான் வடமொழியில் 'ஸத்' ஆகி உபநிடதத்தில் உட்கார்ந்திருக்கிறது: குருவின் அருகே கீழே அமர்தல். கிரேக்கத்தில் 'கதெத்ரா' என்றால் ஆசனம், ஆயரின் ஆசனம் இருக்கும் கோயில் கதீட்ரல். ஆகவே கொட்டாஞ்சேனை சாந்த லூசியாள் பேராலயமும், உபநிடதமும், அக்காவின் ஜன்னலில் நின்ற ஐயாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இன்னொன்று. 'மாத ஊசி' என்கிறீர்கள், ஆனால் இரண்டு கிழமைக்கொரு தரம் போடுகிறவர்களும் உண்டல்லவா? ஆங்கிலத்தில் அது டிப்போ ஊசி. தமிழில் அப்படியே எழுதினால் பஸ் டிப்போ என்று நினைப்பார்கள். 'தேக்க ஊசி' எப்படி?

கொட்டாஞ்சேனை

தம்பி, உபநிடதத்துக்கும் கதீட்ரலுக்கும் போய்வந்துவிட்டோம், ஐயா இன்னும் நிற்கிறார். மாத ஊசியை இப்போது தொடாதீர்கள். எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

மருதானையிலிருந்து, மனநல மருத்துவர்

சொல் தேடுவதற்கு முன் பொருளை வரையறுத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு பாதி உண்டு. ஒன்று நாங்கள் காண்பது: கால் மாற்றுதல், ஆட்டுதல், நடை. மற்றது அவர் உணர்வது: உள்ளுக்குள் இருக்கும் உந்தல், அதனால் வரும் வேதனை. 1989இல் வந்த பார்ன்ஸ் அளவுகோல் இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்கிறது. நோயாளியை இருத்தியும் நிறுத்தியும் குறைந்தது இரண்டிரண்டு நிமிடம் பார்க்கச் சொல்கிறது. கிளினிக் நெரிசலில் அந்த நாலு நிமிடம் கிடைக்காததால்தான் பாதிப்பேர் தவறிப்போகிறார்கள். மருந்தாளரின் ஜன்னலில் வரிசையில் நிற்கும்போது அது தானாகவே கிடைக்கிறது. அந்த அக்கா கண்டது சரியான இடத்தில்.

அலமரல் எனக்குப் புரியவில்லை, நோயாளிக்கும் புரியாது. 'பதகளிப்பு' வேண்டாம், அது இங்கே பதட்ட நோய்க்குப் போய்விட்டது. 'கால் உளைவு'ம் வேண்டாம். அது இரவில் படுத்தபின் காலைப் படுத்துகிற வேறொரு கோளாறோடு குழம்பும். கண்டுபிடித்தால் செய்ய வழி இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், ஆஸ்துமா இல்லாவிட்டால் புரோபிரனலோல் கொடுத்துப் பார்க்கலாம். கை நடுங்குபவருக்கு உதவும் பென்ஸ்ஹெக்சோலை இதற்கும் பழக்கத்தில் எழுதிவிடுகிறோம், இதில் அதன் பயன் சந்தேகம். ஊசியில் இன்னொரு தொல்லை. குளிசையை நாளைக்கே நிறுத்தலாம், உள்ளே போன ஊசி மருந்து வாரக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும். அதனால் பிந்திச் சொன்னால் பிந்தித்தான் தீரும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட்டிலும் இது வரும் என்பதை மற்ற வார்டுகளுக்கும் யாராவது சொன்னால் நல்லது.

மட்டக்குளியிலிருந்து, சமூகப் பணியாளர்

நான் ஹட்டன் பக்கம். அந்தரம்னு எங்க வீட்ல யாரும் சொல்றதில்ல. கேட்டா புரியும், ஆனா வாயில வராது. கொழும்பு கிளினிக்குக்கு வர்றவங்கள்ல எங்க ஆளுங்களும் நிறையப் பேர். முஸ்லிம் குடும்பங்களும் வராங்க. யாழ்ப்பாண அம்மா சொல்றதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. "ஒரு எடத்துல இருப்பே கொள்ளல"ன்னு எங்க பாட்டி சொல்லும். அதை எல்லாரும் சொல்லுவாங்கன்னு நினைக்கிறேன்.

தெஹிவளை

சரி, அந்தரத்தை வாபஸ் வாங்குகிறேன். பாட்டி சொன்னதுதான் சொல். இருப்புக்கொள்ளாமை.

பம்பலப்பிட்டி நண்பரின் கிரேக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். எங்கள் பேச்சில் 'இருங்கோ' என்றால் உட்காருங்கள் என்றுதானே பொருள்? இருக்கை என்றால் ஆசனம். அப்படியானால் இருப்பு என்பது கதிசிஸ், கொள்ளாமை என்பது அந்த 'அ'. ஹஷ்கோவெக் செய்ததை அந்தப் பாட்டியும் செய்து வைத்திருக்கிறா, கிரேக்கம் படிக்காமலே.

கொட்டாஞ்சேனை

பிடித்திருக்கிறது. ஆனால் பாமசியில் இருப்பு என்றால் கையிருப்பு. 2022இல் 'இருப்பு இல்லை' என்று எழுதி எழுதியே ஓய்ந்துபோனோம். 'மாத ஊசியால் இருப்புக்கொள்ளாமை ஏற்படலாம்' என்று வாசித்தால், ஊசி தட்டுப்பாடாம் என்று யாராவது ஓடிவரப் போகிறார்கள்.

பம்பலப்பிட்டி

இருத்தலியத் தத்துவக்காரர் வேறு ஓடிவருவார்கள். 'இருப்பு' அவர்களுடையது.

வெள்ளவத்தை

இருப்புக்கொள்ளாமை என்பது வழக்குச் சொற்றொடர், கலைச்சொல் அல்ல. பிள்ளைப்பேறு பார்க்க ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தகப்பனுக்கும் இருப்புக்கொள்ளாது, பரீட்சை முடிவு வரும் நாளில் மாணவனுக்கும் இருப்புக்கொள்ளாது. அவர்களுக்கெல்லாம் புரோபிரனலோல் கொடுப்பீர்களோ? பொதுச்சொல்லை நோய்ப்பெயராக்கினால் நோயும் பொதுவாகிவிடும், 'எல்லோருக்கும் வாறதுதானே' என்று விட்டுவிடுவார்கள். அறிமுகமில்லாத சொல் என்றால்தான் நின்று கேட்பார்கள். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தார். அன்றைய மாணவர்களுக்கு அந்தச் சொற்களெல்லாம் பழக்கமானவையா? படித்தார்கள், பழகினார்கள்.

மருதானை

மாஸ்டர் சொல்வதில் ஒரு பகுதி எனக்கு உறைக்கிறது. பொதுச்சொல் என்றால் கவனிக்காமல் விடுவார்கள் என்பது உண்மை. ஆனால் கிறீனின் மாணவர்கள் வைத்தியர்களாக வந்தவர்கள். இவர்கள் ஊசி போட்டுக்கொண்டு 155ஆம் இலக்க பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள். படித்துப் பழக நேரமில்லை. சொல் பழையதாக இருக்கட்டும், அதற்குக் கீழே எழுதும் வசனம் கறாராக இருக்கட்டும். ஊசிக்குப் பிறகு புதிதாக வந்ததா, அளவு கூட்டியபின் வந்ததா என்ற கேள்வி உள்ளே வந்துவிட்டால் பரீட்சை மாணவன் தானாகவே கழன்றுவிடுவான்.

நோயாளர் அட்டையில் நான் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மட்டக்குளி

'உள்ளுக்குள்ள உந்துது'ங்கிறதைக் கட்டாயம் போடுங்க அக்கா. வீட்ல இருக்கிறவங்க பார்க்கிறது நடையை மட்டும்தான். "சும்மா சும்மா ஏன் நடக்கிற, ஒக்காரு"ன்னு அதட்டுவாங்க. அவரால முடியாதுங்கிறது அவங்களுக்குத் தெரியணும்.

கொட்டாஞ்சேனை (வியாழன் இரவு)

நாளைக் காலை அனுப்புகிறேன். பெட்டிக்குள் போவது இது:

'இருப்புக்கொள்ளாமை (அந்தரம்): ஊசி தொடங்கியபின் அல்லது அளவு கூட்டியபின், ஓரிடத்தில் இருக்கவோ நிற்கவோ முடியாமல், நடந்துகொண்டே இருக்கும்படி உள்ளுக்குள் உந்துகிறதா? இது மருந்தால் வரலாம். நோய் கூடிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் உள்ளவர்கள் அதட்டி உட்கார வைக்க வேண்டாம். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த ஊசி நாள் வரை காத்திராமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.'

அந்தரத்தை அடைப்புக்குள் வைத்தது என் முடிவு. கிளினிக்கில் வடக்கிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் நிறைய. மற்றவர்களுக்கு முன்னால் நிற்கும் சொல் போதும். இருப்பு என்ற சொல் பற்றிய என் பயத்தைச் சக மருந்தாளர் ஒருவரிடம் சொன்னேன். "நோயாளிக்கு இருப்புப் பதிவேடு எங்கே தெரியும், அது உங்கள் தலைக்குள் இருக்கிறது" என்று விட்டா. விட்டுவிட்டேன்.

மறுப்பு இருந்தால் காலை எட்டு மணிக்குள் எழுதுங்கள்.

பம்பலப்பிட்டி

ஆதரவு. தேக்க ஊசி பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தெஹிவளை

ஆதரவு. க் விடாமல் சேர்த்து எழுதுங்கள், அச்சகத்தில் 'இருப்பு கொள்ளாமை' என்று பிரித்துவிடுவார்கள். பிரித்தால் அக்கா பயந்தது நடக்கும்.

மட்டக்குளி

சரி அக்கா. அச்சானதும் எனக்கு ஒரு கட்டு வேணும்.

வெள்ளவத்தை (வெள்ளி காலை 7.40)

துண்டுப்பிரசுரத்துக்குத் தடை சொல்லவில்லை, அச்சிடுங்கள். ஆனால் குழுவின் கலைச்சொற் பட்டியலில் இந்தச் சொல்லுக்கு நேரே என் மறுப்பைப் பதிய வேண்டும். அங்கே அலமரல் முதலிலும் இருப்புக்கொள்ளாமை இரண்டாவதாகவும் வர வேண்டும். அந்தரம் எந்த இடத்திலும் வரக்கூடாது. 'உட்கார' என்று பெட்டிக்குள் எழுதியிருக்கிறீர்கள் பிள்ளை, அதற்கு முதல் வரியில் 'இருக்க' என்றிருக்கிறது. ஒன்றாக்குங்கள். தேக்க ஊசி நல்ல சொல். தேங்குதல், தேக்குதல் என்ற தன்வினை பிறவினை வேறுபாடு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.