ஐம்பதாயிரம் இல்லாதவர் நாய் வளர்க்கக் கூடாதா?

மிளகின்_அம்மா | இரவு 8.40
கணக்கன் என்பவர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. “அவசரத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைக்க முடியாதவர் நாய் வளர்க்கக் கூடாது.” அப்படியா? என் மிளகை நான் விலைக்கு வாங்கவில்லை. சாக்கடை ஓரம் கிடந்ததை எடுத்து வந்தேன். டாக்டர் பல்லைப் பார்த்து ஆறு வாரம் இருக்கும் என்றார். அன்றே முதல் தடுப்பூசி போட்டார். அதற்கு 26ஆம் நாள் இரவு வாந்தி. விடிவதற்குள் இரத்தமாகப் பேதி. பார்வோ என்ற கிருமி நோய். ஆறு நாள் தனியார் மருத்துவமனையில் ட்ரிப்ஸ், ஊசி, இரத்தப் பரிசோதனை, இரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 38,400 ரூபாய். தையல் வேலை செய்பவள் நான். ஒன்றரைப் பவுன் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது, மிளகு என் காலடியில் இருக்கிறது. கணக்கர் அவர்களே, இதில் எது தப்பு?

கணக்கன் | இரவு 8.52
தப்பு எது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அம்மணி. 26ஆம் நாள். இரண்டாவது ஊசி 21ஆம் நாள் போட வேண்டும். போட்டீர்களா? சில நூறு ரூபாய் ஊசியைத் தள்ளிப்போட்டவர் 38,400 கட்டியிருக்கிறார்.

மிளகின்_அம்மா | இரவு 8.58
தள்ளிப்போடவில்லை. தடுப்பூசி அட்டையில் 21 முதல் 28 நாளுக்குள் என்று இருந்தது. 28ஆம் நாள் ஞாயிறு, கடை விடுமுறை. அன்று போவதாக இருந்தேன்.

கணக்கன் | இரவு 9.01
21 என்றால் 21. மின்கட்டணத்துக்கும் கடைசி நாள்வரை காத்திருப்பீர்களோ?

ஓய்வு_கால்நடை | இரவு 9.20
முப்பது ஆண்டு அரசுக் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். காரணம் தாய்ப்பால். சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையே வேலை செய்யவிடாது. அது எந்த வாரம் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதும் என்று இடையில் சில நாள் வரும். அந்த இடைவெளியில்தான் பார்வோ நுழைகிறது. அட்டவணை தவறாமல் போட்ட குட்டிகளும் என் மேசையில் செத்திருக்கின்றன. இன்னொன்று: வாந்தி 26ஆம் நாள் என்றால் கிருமி உள்ளே போனது ஏறக்குறைய நாலைந்து நாள் முன்பு. 21ஆம் நாள் போட்டிருந்தாலும் ஊசி பலன் தர நாளாகும். அந்தப் பெண் மீது பழி போடாதீர்கள்.

கணக்கன் | இரவு 9.26
“நாலைந்து நாள்” என்கிறீர்கள். ஐந்து என்றால் 21ஆம் நாள். நாலு என்றால் 22. அப்படியானால் 21ஆம் நாள் காலையில் போட்டிருந்தால்?

ஓய்வு_கால்நடை | இரவு 9.31
நான் எழுதியதைப் படித்தீர்களா, எண்களை மட்டும் பொறுக்கினீர்களா?

வல்லநாட்டு_வேட்டை | இரவு 9.40
ஊசி, ஊசி, ஊசி. எங்கள் தாத்தா சிப்பிப்பாறை வேட்டைநாய் வளர்த்தார். ஒரு ஊசி கிடையாது. கம்பங்கூழும் மோரும்தான். முயலை விரட்டினால் கண்ணுக்குத் தெரியாது. நாட்டு நாய்க்கு நோய் வராது. தெருக்குட்டிக்கு ஆறு நாள் ட்ரிப்ஸாம்! மாதுளம்பழத் தோலைக் கொதிக்க வைத்துக் கொடுத்திருந்தால் பத்து ரூபாயில் முடிந்திருக்கும்.

ஓய்வு_கால்நடை | இரவு 9.55
உங்கள் தாத்தா காலத்தில் பார்வோவே கிடையாது, ஐயா. அந்தக் கிருமி உலகெங்கும் பரவத் தொடங்கியது 1978இல். நம் நாட்டில் கண்டறியப்பட்டது 1980களின் தொடக்கத்தில். வராத நோய்க்கு ஊசி போடாமல் வளர்த்தது என்ன வீரம்? குடலின் உட்சுவரே உரிந்து கொட்டும் நோய் இது. வாந்தி எடுக்கிற குட்டியின் வாயில் கஷாயத்தை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். கிருமியைக் கொல்லும் மாத்திரை எதுவும் நம் கையில் இல்லை; உடல் தானாக மீளும்வரை நரம்பு வழியாக நீர் ஏற்றித் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. இராப்பகலாக ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பணம் அதற்குத்தான் போகிறது.

வல்லநாட்டு_வேட்டை | இரவு 10.02
போன வருடம் என் குட்டியின் படத்தைப் பார்த்து “இது சிப்பிப்பாறை இல்லை, கலப்பு” என்று எழுதியவர் நீங்கள்தானே? மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா?

ஓய்வு_கால்நடை | இரவு 10.04
இன்றும் அதையே சொல்வேன். அந்தக் காது சிப்பிப்பாறைக் காது இல்லை.

வல்லநாட்டு_வேட்டை | இரவு 10.05
காதைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி? மாட்டு டாக்டர்!

மிளகின்_அம்மா | இரவு 10.11
ஐயா, அண்ணா, இரண்டு பேரும் சற்று நிறுத்துங்கள். நான் கேட்டது ஐம்பதாயிரத்தைப் பற்றி. கணக்கன் இன்னும் பதில் சொல்லவில்லை.

கணக்கன் | இரவு 10.15
சொல்லிவிட்டேன். 21ஆம் நாள் போயிருந்தால் ஐம்பதாயிரம் தேவையே இல்லை. மேலும், வளர்க்க வக்கில்லாமல் வளர்ப்பது சட்டப்படியும் குற்றம். விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960. படியுங்கள்.

மிளகின்_அம்மா | இரவு 10.29
படித்தேன். பிரிவு 11. வளர்ப்பவர் போதிய தீனி, தண்ணீர், தங்குமிடம் தராவிட்டால் குற்றம் என்கிறது. வங்கி இருப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மூன்றும் என் வீட்டில் இருக்கின்றன. தங்குமிடம் என் புடவை மேல்.

தெற்குவீதி_சிவா | இரவு 10.33
காப்பீடு எடுத்திருக்கலாமே அக்கா? செல்லப்பிராணிக்கும் இப்போது வந்துவிட்டது.

கணக்கன் | இரவு 10.36
தம்பி, பாலிசியின் விதிவிலக்குப் பக்கத்தைப் படி. தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய் வந்து, ஊசி முழுமையாகப் போடாத குட்டி என்றால் பல பாலிசிகள் பணம் தராது. மறுபடியும் எங்கே வந்து நிற்கிறோம் பார். 21ஆம் நாள்.

தெற்குவீதி_சிவா | இரவு 10.37
உங்களுக்கு அந்த எண் மேல் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது.

ஓய்வு_கால்நடை | இரவு 10.44
கணக்கன், நீங்கள் நாய் வளர்க்கிறீர்களா?

கணக்கன் | இரவு 10.46
அது இங்கே பேச்சில்லை.

ஓய்வு_கால்நடை | இரவு 10.47
வளர்க்கவில்லை.

கணக்கன் | இரவு 10.53
பொறுப்பு உள்ளதால்தான் வளர்க்கவில்லை. ஐம்பதாயிரம் சேர்ந்த பிறகு வாங்குவேன். இப்போது 41,000 இருக்கிறது. அம்மணி, அட்டையில் 28 என்று இருந்ததாகச் சொன்னீர்கள். படம் போடுங்கள், பார்க்கலாம்.

மிளகின்_அம்மா | இரவு 11.08
போட்டிருக்கிறேன். “21 –” வரை தெரிகிறது. அடுத்த எண் இருந்த மூலையை இன்று காலை மிளகு கடித்துத் தின்றுவிட்டது. ஆறு நாள் பச்சைத்தண்ணீர்கூடத் தங்காத வயிறு. அட்டையைத் தின்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்; நான் பிடுங்கவில்லை.

கணக்கன் | இரவு 11.10
வசதியான மூலையாகப் பார்த்துக் கடித்திருக்கிறது. “21 –” என்பதில் அந்தக் கோடு ஏன் முற்றுப்புள்ளியாக இருக்கக் கூடாது? சற்று நீளமான புள்ளி.

வல்லநாட்டு_வேட்டை | இரவு 11.14
அந்தப் படத்தில் ஓரமாகத் தெரியும் குட்டியின் காதைப் பார்த்தீர்களா? அதில் கன்னி இன நாயின் இரத்தம் இருக்கிறது. மாட்டு டாக்டர் வந்து இல்லை என்று சொல்லட்டும்.

ஓய்வு_கால்நடை | இரவு 11.16
இல்லை.

கணக்கன் | இரவு 11.17
காதை விடுங்கள். அந்தப் புள்ளியைப் பெரிதாக்கி இன்னொரு படம் போடச் சொல்லுங்கள்.