சபைல உதவி பண்றது ஊழியம், "ஏன் இப்படி"ன்னு கேட்டா அரசியலா?

வாலிபர்_கூட்டம் எழுதினது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க. எங்க சபை சின்னது, ஞாயித்துக்கிழமை ஒரு நூறு பேர் தேறும். வாலிபர் கூட்டம் என் பொறுப்பு. மாசாமாசம் இல்லாதவங்களுக்கு மளிகைப் பை கொடுக்கறோம், ஏழு வருஷமா விடாம நடக்குது, நல்ல காரியம்தான், தப்புன்னு சொல்லல. ஆனா போன மாசம் பை எடுத்துக் கொடுக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது, வரிசைல நிக்கறதுல பாதி பேர் முதல் வருஷமும் நின்ன அதே முகம். அதுல ஒரு அக்கா ஆபீஸ் கட்டடங்கள்ல துப்புரவு வேலை பாக்கறாங்க, ரெண்டு ஷிப்ட். ரெண்டு ஷிப்ட் வேலை பாக்கற ஆளு எதுக்கு நம்மகிட்ட வந்து வரிசைல நிக்கணும்?

இதை கமிட்டில கேட்டேன். ஒரு மூப்பர் உடனே "தம்பி, கொடுக்கறது ஊழியம், அவங்ககிட்ட ஏன் இல்லன்னு கெளர்றது அரசியல், அது சபைக்குள்ள வேணாம்"னுட்டார். பாஸ்டர் ஒண்ணும் சொல்லல, ஜெபிப்போம்னு முடிச்சுட்டார். நான் யாரையும் எதிர்த்து நிக்க வரல, எனக்கு ரெண்டே கேள்விதான். உண்மையிலேயே ஒரு சபையா சேர்ந்து நியாயத்துக்காக வேலை பார்த்தவங்க எப்படி ஆரம்பிச்சாங்க? எங்கள மாதிரி சின்ன சபை எதைத் தொடலாம்?

---

பழைய_நூலகம் எழுதினது:

பிரதர், உங்க கேள்வி அப்படியே அமெரிக்காவுல பால்டிமோர்ல நடந்திருக்கு. அங்க பில்ட்னு ஒரு கூட்டமைப்பு, பெரும்பாலும் சபைகள் சேர்ந்து கட்டினது. அவங்களும் சாப்பாடு கொடுத்துட்டுதான் இருந்தாங்க. கொஞ்ச நாள்ல ஒண்ணு கண்ணுல பட்டுது, சாப்பாட்டுக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் வேலைல இருக்கறவங்க, அதுலயும் நகராட்சியோட ஒப்பந்த வேலை பாக்கறவங்க. அதாவது நகராட்சி காண்ட்ராக்டர் குறைச்சு கொடுக்கற சம்பளத்தோட மிச்சத்த சபைக் காணிக்கை நிரப்பிட்டு இருந்துது! அப்புறம் தொழிற்சங்கத்தோட கைகோர்த்தாங்க. 1994ல நகரசபை சட்டமே போட்டுது, நகராட்சி ஒப்பந்தம் எடுக்கறவன் மணிக்கு குறைஞ்சது 6.10 டாலர் கொடுக்கணும்னு. அப்ப நாடு முழுக்க குறைந்தபட்ச கூலி 4.25தான்.

லண்டன் கிழக்குப் பகுதிலயும் இதே மாதிரி, 2001ல சர்ச், மசூதி, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே மேடைல வந்து வாழறதுக்கு போதுமான கூலின்னு இயக்கம் ஆரம்பிச்சாங்க. ராத்திரி பெரிய பெரிய பேங்க் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கறவங்களும் அந்தப் போராட்டத்துல முன்னாடி நின்னாங்க, அதான் உங்க அக்கா பாக்கற அதே வேலை. ரெண்டு ஊர்லயும் பிரசங்கத்துல இருந்து ஆரம்பிக்கல, ஒருத்தர் ஒருத்தரா உட்கார்ந்து பேசினதுலதான் ஆரம்பிச்சுது. நீங்க அந்த அக்காகிட்ட பையக் கொடுக்கறத தவிர வேற எதாவது பேசியிருக்கீங்களா? குத்தமா கேட்கல, நானும் பல வருஷம் பை மட்டும்தான் கொடுத்தேன்.

---

சந்தேக_தோமா எழுதினது:

நல்ல கதைகளா சொல்றீங்க, அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லுங்க. அமெரிக்கத் தெற்கு மாநிலங்கள்ல பாப்டிஸ்டுகள் 1845ல தனியா பிரிஞ்சு போனது எதுக்கு? அடிமை வச்சிருக்கறவரையும் மிஷனரியா அனுப்பலாமா கூடாதாங்கற சண்டைல. அதுக்கு மன்னிப்பு கேட்டது 1995ல, சரியா நூத்தம்பது வருஷம். தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சிக்கு வேத ஆதாரம் தேடிக் கொடுத்ததே டச்சு சீர்திருத்த சபைதான். அதனால "சபை நியாயத்துக்காக நிக்கும்"னு யாராவது சொன்னா நான் முதல்ல எந்த சபை, எந்த வருஷம்னுதான் கேட்பேன்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், அந்த டச்சு சபைக்குள்ள இருந்துதான் பெயர்ஸ் நாடேன்னு ஒரு போதகர் வெளிய வந்தார். 1960ல ஷார்ப்வில்ல போலீஸ் 69 பேரை சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம் அவரால வாய மூடிட்டு இருக்க முடியல. 1963ல சபைப் பதவியே போச்சு, 1977ல அரசாங்கம் அவருக்கு தடை உத்தரவு போட்டுது, ஏழு வருஷம் பொதுவுல பேச முடியாது. 1982ல உலக சீர்திருத்த சபைகளோட கூட்டமைப்பு நிறவெறியை நியாயப்படுத்தறது வேதப்புரட்டுன்னே அறிவிச்சுது. ஆக சபை தானா மாறாது, உள்ள இருக்கறவன் எவனாவது விலை கொடுக்கணும். தம்பி அதுக்கு தயாரான்னு யோசிச்சுக்கட்டும்.

---

ரிட்டையர்டு_பாஸ்டர் எழுதினது:

தோமா சொல்றதுல பாதி எனக்கு வலிக்குது, வலிச்சாலும் உண்மை.

மூப்பர் சொன்ன அரசியல் விஷயத்துக்கு வர்றேன். கட்சிக்கு ஓட்டு கேட்கறது வேற, கூலி ஏன் கொடுக்கலன்னு கேட்கறது வேற. முதலாவது பிரசங்க பீடத்துல வரவே கூடாது, நானே முப்பது வருஷம் தடுத்திருக்கேன். ரெண்டாவத எடுத்துட்டா ஆமோஸ், மீகா, யாக்கோபு எல்லாத்தையும் வேதத்துல இருந்து கிழிச்சுதான் போடணும். யாக்கோபு 5:4 எடுத்துப் பாருங்க, வயல் அறுத்தவங்களோட பிடிச்சு வச்ச கூலி கூக்குரலிடுதுன்னு இருக்கு. அந்தப் பகுதிய அறுப்பின் பண்டிகைக்கு யாரும் எடுக்க மாட்டோம், அது வேற விஷயம்.

"இப்ப வேணாம், அமைதியா இருங்க"ன்னு சொல்றதும் பழைய வழக்கம்தான். அமெரிக்காவுல கறுப்பர் உரிமைக்காகப் போராடின போதகர் மார்ட்டின் லூதர் கிங் 1963ல பர்மிங்காம் ஜெயில்ல இருந்து எழுதின கடிதம் யாருக்கு பதில்னு நினைக்கறீங்க? எட்டு மதத் தலைவர்களுக்கு. அந்தப் போராட்டம் விவேகமில்லாதது, நேரங்கெட்ட நேரத்துல நடக்குதுன்னு அறிக்கை விட்டவங்க. அவங்க ஒண்ணும் கொடுமைக்காரங்க இல்ல, மரியாதைப்பட்ட மிதவாதிகள், அதுதான் விஷயமே.

அதுக்கு முன்னாடி மாண்ட்கமரி ஊர்ல பஸ் புறக்கணிப்பு, பஸ்ல கறுப்பர்களைப் பிரிச்சு உட்கார வச்சத எதிர்த்து 381 நாள் நடந்துது. எல்லாரும் கிங்கோட பேச்சத்தான் சொல்வாங்க, எனக்கு பிடிச்சது அந்த வண்டிங்கதான். ஆயிரக்கணக்கான பேர் பஸ்ல ஏறாம வேலைக்குப் போகணுமே, அதுக்கு சபைங்க பேர்ல பெரிய கார்கள் வாங்கி காலைலயும் சாயங்காலமும் ஆள் ஏத்தி இறக்கினாங்க, வண்டில சர்ச் பேர் எழுதியிருக்கும், ஓடற சர்ச்னே சொல்வாங்களாம். எதிர்த்தவங்க இன்சூரன்ஸ ரத்து பண்ணவச்சு அந்த வண்டிகளை நிறுத்தப் பார்த்தாங்க, அதுக்கும் சபைக்காரங்க வேற வழி கண்டுபிடிச்சாங்க. டிரைவர் பட்டியல், பெட்ரோல் கணக்கு, வார வாரம் காணிக்கைன்னு சபைக்கு ஏற்கனவே பழக்கமான வேலைதான் எல்லாம். நூறு பேர் சபையா இருந்தாலும் உங்ககிட்ட ஒரு ஹால் இருக்கு, வாரம் ஒருக்கா கூடற ஜனம் இருக்கு, கணக்கு எழுதத் தெரிஞ்ச ஆளு இருக்கு. நிறைய சங்கங்களுக்கு அது கூட கிடையாது.

---

கணக்கு_அக்கா எழுதினது:

பெரிய பெரிய விஷயமா பேசறீங்க எல்லாரும். நான் ஒரு சபைல பதினோரு வருஷம் பொருளாளரா இருந்தவ, சின்னதா ஒண்ணு கேட்கறேன். தம்பி, உங்க சர்ச்ச கூட்டறவருக்கு என்ன சம்பளம்? கேட்டுப் பக்கத்துல தூங்கற வாட்ச்மேனுக்கு லீவு உண்டா? எங்க சபைல ஒலிபெருக்கி மாத்த ஒரே வாரத்துல பணம் திரண்டுச்சு, கூட்டற அம்மாவுக்கு சம்பளம் ஏத்தணும்னு நான் எழுதிக் கொடுத்தது மூணு கமிட்டி மாறியும் "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்"லயே நின்னுது. அப்புறம்தான் ஏறுச்சு, அதுவும் நான் ஆண்டறிக்கைல ரெண்டு தொகையையும் பக்கத்து பக்கத்துல அச்சடிச்சதுக்கு அப்புறம். பேச்சு வாங்கினேன், பரவால்ல.

குவேக்கர்கள்னு ஒரு கிறிஸ்தவ பிரிவு, அவங்க அடிமை முறைய எதிர்த்தாங்கன்னு எல்லாரும் பெருமையா சொல்றோமே, அவங்க சொந்த வீட்டைக் கூட்டறதுக்கே எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா? பென்சில்வேனியாவுல ஜெர்மன்டவுன்னு ஒரு இடத்துல நாலு பேர் 1688ல அடிமை வச்சிருக்கறது தப்புன்னு கையெழுத்து போட்டுக் கொடுத்தாங்க. மேல உள்ள குவேக்கர் சபைக் கூட்டங்கள்லாம் இது ரொம்ப பெரிய விஷயம்னு ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளி கிடப்புல போட்டாங்க. அடிமை வச்சிருந்தா உறுப்பினரா இருக்க முடியாதுன்னு பிலடெல்பியா கூட்டம் முடிவு பண்ணினது 1776ல. நடுவுல ஜான் உல்மன்னு ஒரு தையல்காரர் வீடு வீடா போய் அடிமை வச்சிருந்த சபைக்காரங்ககிட்ட பொறுமையா பேசிட்டே இருந்தார், அந்த வீடுகள்ல தங்கினா அங்க வேலை செஞ்ச அடிமைகளுக்கு காசு கொடுத்துட்டுதான் கிளம்புவாராம். முடிவு வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடி செத்தும் போனார்.

உள்ள கணக்கு சரியில்லாம வெளிய போய் காண்ட்ராக்டர கேட்டா அவன் முதல்ல உங்க சம்பள நோட்டைத்தான் கேட்பான்.

---

வாலிபர்_கூட்டம் எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்க எழுதினதப் படிச்சுட்டு நேத்து சாயங்காலம் செயலாளர்கிட்ட சும்மா பேச்சு வாக்குல கேட்டேன். எங்க சர்ச்ச கூட்டற பெரியவருக்கு சம்பளம்னே ஒண்ணு கிடையாதாம், "அன்பின் காணிக்கை"ன்னு எழுதியிருக்கு. ஒம்பது வருஷமா அதே தொகை. அவர் எங்க மளிகைப் பை லிஸ்ட்ல மூணாவது பேர். நானேதான் மாசாமாசம் டிக் அடிக்கறேன், ஒரு தடவை கூட தோணல.

அந்த துப்புரவு வேலை பாக்கற அக்காகிட்டயும் பேசினேன். அவங்களோட சேர்ந்து வேலை பாக்கறவங்க இன்னும் ஆறு பேர் இருக்காங்களாம், ஒருத்தர் கையிலயும் சம்பள சீட்டு இல்ல. சாயங்காலம் உட்கார்ந்து பேச இடம் இருக்கான்னு அவங்களே கேட்டாங்க. ஹால் சாவி மூப்பர்கிட்டதான் இருக்கு.

---

கணக்கு_அக்கா எழுதினது:

முதல்ல பெரியவர் சம்பளத்த அஜெண்டால எழுத்துல கொடுங்க, வாயால சொன்னா மினிட்ஸ்ல ஏறாது. காணிக்கைங்கற வார்த்தைய எடுத்துட்டு சம்பளம்னு எழுதுங்க. ஆனா அவர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க, அவர் பேர்ல கமிட்டில சண்டை வந்தா வேலை போறது அவருக்குத்தான். ஹால் சாவிய நீங்க கேட்காதீங்க தம்பி, அந்த அக்காவ கூட்டிட்டு மூப்பர் வீட்டுக்கு நேராவே போங்க. அவங்க வாயால கேட்டா அதை அரசியல்னு சொல்ல அவருக்கும் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்.