குடும்பக் குழு: பாபி ஹர்லி பேச்சு

கார்த்தி (ஜெர்சி சிட்டி): குமார் மாமா, யூகான் (கனெக்டிகட் யுனிவர்சிட்டி) பாஸ்கெட்பால் கோச் டான் ஹர்லிக்கு அண்ணன் ஒருத்தர் உண்டாமே? தம்பி கோச்சாக ரெண்டு கப், அண்ணன் ஆடியே ரெண்டு கப் என்று ஆபீசில் சொல்கிறார்கள். நிஜமா?

குமார் மாமா: நிஜம்தான்டா. பாபி ஹர்லி. டியூக் யுனிவர்சிட்டி டீமின் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர். 1991, 1992 ரெண்டு வருஷமும் காலேஜ் சாம்பியன். ஆறடி, ஒல்லி உடம்பு, ட்யூஷனுக்குக் கிளம்பிய பையன் மாதிரி முகம். பந்து கைக்கு வந்தால்தான் சேதி தெரியும்.

மீனா அத்தை: கார்த்தி, ஏன்ப்பா இவரைக் கிளப்பி விட்டாய்? இனி சாப்பாட்டுக்கு எழுந்த மாதிரிதான்.

குமார் மாமா: 1990 காலேஜ் ஃபைனலில் லாஸ் வேகாஸ் டீமான யூஎன்எல்வியிடம் டியூக் தோற்றது 103-73. முப்பது பாயிண்ட் அடி! ஹர்லிக்கு அன்று வயிற்றுப்போக்கு வேறு. மொத்தமே 2 பாயிண்ட். அந்த டீம் கோச் டார்கானியனுக்குப் பட்டப்பெயர் சுறா; அதற்கப்புறம் ஹர்லி கனவிலெல்லாம் சுறாதான் வந்ததாம்.

நிலா: 😂😂 பாவம்

குமார் மாமா: மறு வருஷம் செமி ஃபைனலில் அதே டீம். தொடர்ந்து 45 மேட்ச் ஜெயித்து வந்தவர்கள். ரெண்டு நிமிஷம் சொச்சம்தான் பாக்கி, டியூக் 71-76. ஹர்லி ஓடி வந்த வேகத்திலேயே மூன்று பாயிண்ட் ஷாட் போட்டார். அது மட்டும் விழாமல் போயிருந்தால் மேட்ச் அங்கேயே முடிந்திருக்கும். கடைசியில் 79-77. அப்புறம் ஃபைனலில் கான்சாஸைச் சாய்த்தார்கள்.

விக்கி: கூகுளில் பார்த்தேன் மாமா. என்பிஏவில், அந்தப் பெரிய தொழில்முறை லீக்கில், மேட்சுக்குச் சராசரி 3.8 பாயிண்ட். இதற்கா இவ்வளவு பில்டப்?

குமார் மாமா: அதே கூகுளில் அசிஸ்ட், அதாவது அடுத்தவன் கூடை போடக் கொடுத்த பாஸ், எத்தனை என்றும் பார். காலேஜில் நாலு வருஷத்தில் 1,076. முப்பது வருஷத்துக்கு மேல் நிலைத்த சாதனை. தான் போடுவது பாயிண்ட் கார்டின் வேலை இல்லை, அடுத்தவனைப் போட வைப்பதுதான். 1992 ஃபைனல் ஃபோரில், அதாவது கடைசி நாலு டீம் மோதும் கட்டத்தில், சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அந்த வருஷம் ஒலிம்பிக் போகுமுன் ட்ரீம் டீமை, அதாவது என்பிஏ நட்சத்திரங்களின் அமெரிக்க டீமை, பயிற்சி மேட்சில் காலேஜ் பையன்கள் தோற்கடித்தார்களே, அதிலும் இவர் உண்டு. ஜோர்டானை அன்று அதிக நேரம் ஆட விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விக்கி: சரி, அப்புறம் என்பிஏவில் என்ன ஆனது?

குமார் மாமா: என்பிஏ டீம்கள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1993 டிராஃப்டில் ஏழாவது ஆளாக சாக்ரமெண்டோ எடுத்தது. டிசம்பர் 12, மேட்ச் முடிந்து வீட்டுக்கு ஓட்டிப்போகிறார். ஹெட்லைட் போடாமல் வந்த கார் ஒன்று மோதியது. சீட் பெல்ட் போடவில்லை. வண்டியிலிருந்து தூக்கி வீசப்பட்டு, சாலையோர வாய்க்காலில் கிடந்தார். மூச்சுக்குழாய் இடது நுரையீரலிலிருந்து பிய்ந்துவிட்டது. பல மணி நேரம் ஆபரேஷன். பிழைத்ததே பெரிசு. அடுத்த சீசனிலேயே திரும்பி வந்து ஆடினார், ஆனால் பழைய ஹர்லி இல்லை. 1998-ல் முடிந்தது. உன் 3.8-ஐ இதோடு சேர்த்துப் படி.

விக்கி: ஓ. இது தெரியாது.

மீனா அத்தை: விக்கி, நீ டாக்சியில் பின்சீட்டில் பெல்ட் போடுகிறாயா?

விக்கி: அத்தை 🙏

நிலா: இப்போது சிக்கினான்

கார்த்தி: அவர்கள் அப்பாதான் இங்கே செயிண்ட் ஆண்டனி ஸ்கூல் கோச்சாக இருந்தாராமே?

குமார் மாமா: ஆமாம். பகலில் கோர்ட் ப்ரொபேஷன் ஆபீசர், சாயந்திரம் கோச். ஸ்கூலுக்குச் சொந்த ஜிம் கூடக் கிடையாது. ஒயிட் ஈகிள் ஹால் என்று ஒரு பிங்கோ ஹாலில் பிராக்டீஸ். நீ இட்லி அரிசி வாங்கப் போகிற அதே நியூவார்க் அவென்யூவில்தான் இருக்கிறது. 1989-ல் ஒரு மேட்ச் கூடத் தோற்காத டீம், ஹர்லி பாயிண்ட் கார்ட். ஸ்கூலை 2017-ல் மூடிவிட்டார்கள்.

கார்த்தி: அந்த ஹாலா! அங்கே இப்போது கச்சேரி நடக்கிறது மாமா. பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

குமார் மாமா: அடுத்த தடவை தாண்டாமல் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

கார்த்தி: டிக்கெட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

மீனா அத்தை: வாசலில் நின்றே எடுப்பா. இவர் பேச்சைக் கேட்டுக் காசைக் கரைக்காதே.