தொண்டி முதல் அரிச்சல்முனை வரை கரைநடை: எங்கே கரையை விட்டு ஏற வேண்டும்?

தொண்டிவாசி:

தொண்டியிலிருந்து தெற்கே நடக்கக் கிளம்புகிறவர்கள் மனத்தில் மணற்கரையை வைத்துக்கொண்டு வருகிறார்கள். வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம் அப்படி இல்லை. நம்புதாளை, சோழியக்குடி, முள்ளிமுனை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று ஊர்கள் வரிசையாக வந்தாலும், நடுவில் சேறும் அலையாத்தியும் மாறி மாறி வரும். வரைபடத்தில் இதெல்லாம் ஒரே கோடு.

கையில் ஐந்தடிக் கம்பு ஒன்று வேண்டும். ஊன்றி நடக்க மட்டுமல்ல, சேற்றைக் குத்திப் பார்க்கவும்தான். ஒரு சாண் இறங்கி நின்றால் நடக்கலாம், வேகம் பாதியாகும். ஒரு முழம் இறங்கியும் அடி தட்டுப்படாவிட்டால் திரும்பிவிடுங்கள். கறுத்துப்போய் அழுகிய முட்டை வாடை அடிக்கிற சேறு என்றால் குத்திப் பார்க்கவே வேண்டாம். கால் மாட்டிக்கொண்டால் நேராக இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க மற்ற கால் இறங்கும். பையைக் கழற்றிப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் கையூன்றிச் சாய்ந்து, குதிகாலை மெதுவாக ஆட்டி இடுக்கில் தண்ணீர் புக விட்டால் கால் தானாக விடுபடும். செருப்பு போனால் போகட்டும்.

காரங்காட்டில் கரைவழி என்ற பேச்சே கிடையாது. அலையாத்திகளின் மூச்சு வேர்கள் மண்ணுக்கு மேலே குத்திட்டு நிற்கும். மிதித்தால் காலுக்கும் கேடு, மரத்துக்கும் கேடு. வனத்துறையின் படகுச் சவாரி காட்டைச் சுற்றிக் காட்டுவதற்கானது, அதை அக்கரைக்குப் போகும் ஓடமாக நினைத்துத் திட்டம் போடாதீர்கள். முள்ளிமுனையிலேயே மேற்கே திரும்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, காரங்காட்டைத் தாண்டியபின் கரைக்கு இறங்குவதுதான் சரி.

இந்தக் கரை முழுவதற்கும் பொருந்துகிற ஒன்று: வழி மாறுவதா வேண்டாமா என்பதை ஊருக்குள் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். மீனவ ஊர்களிலிருந்து பெரிய சாலைக்கு இணைப்புச் சாலை இருக்கும். இரண்டு ஊருக்கு நடுவில் நின்று யோசித்தால் சாலைக்குப் போக வழி வேலிக்கருவை முட்காட்டுக்குள்தான். அதற்குள் ஒரு கிலோமீட்டர் போவது சாலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பதைவிடக் கேடு.

நீர்வாடு:

தொண்டிவாசி அண்ணன் சொன்னதோடு நீரளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். குஜராத் கரையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கரை தட்டையாக இருக்கும் இடத்தில் இருநூறு அடிக்கு ஓரடி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓரடி ஏறினால் இருநூறு அடிக் கரை காணாமல் போகும். நாளுக்கு இரண்டு முறை வற்றும், மறுநாள் அதே வற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

ஆனால் ஏற்றவற்ற அட்டவணையை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று வலுத்தால் தண்ணீரை வடகடல் கரைமேல் தள்ளி நிறுத்திவிடும். அட்டவணை வற்றம் என்று சொல்லும், கரையோ மூழ்கியே கிடக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றின் காலத்தில் இதற்கு நேர் எதிர். காற்று தண்ணீரைக் கரையிலிருந்து வெளியே தள்ள, நாட்டுப்படகுகள் தரை தட்டி நிற்கும். ‘கடல் உள்வாங்கியது’ என்று செய்தி போடுவது பெரும்பாலும் இதைத்தான். அந்த வெட்டவெளியைக் குறுக்குவழி ஆக்கிக்கொள்ளாதீர்கள். காற்று ஓய்ந்ததும் தண்ணீர் திரும்பும், நடுவில் நிற்பவருக்கு எந்தப் பக்கம் கரை கிட்டே என்று தெரியாது.

வைகைக்கரை:

வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊரின் முகத்துவாரத்தை எப்படித் தாண்டுவது என்று கேட்டிருந்தீர்கள். வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து நிறைகிறது, உபரிதான் ஆற்றங்கரையில் கடலைச் சேர்கிறது. ஆகவே கடலைப் பார்ப்பதற்கு முன் கண்மாயைப் பற்றி விசாரியுங்கள். கண்மாய் மறுகால் பாய்கிறது என்றால் முகத்துவாரத்தை மறந்துவிட்டு, இராமநாதபுரம் பக்கமாகச் சாலையில் சுற்றிப் பாலம் வழியாக வாருங்கள். அதற்கு ஆகும் நேரத்தைத் தேவிபட்டினத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழை இல்லாத மாதங்களில் அலை மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் அசையாமல் தெளிந்து நின்றால் அடைப்பு உறுதி, மணல்திட்டின் முதுகில் நடந்து தாண்டலாம். விளிம்பில் நடக்காதீர்கள், அடியில் அரித்திருக்கும். கடலுக்குள் பழுப்பு நிறக் கோடு ஒன்று நீண்டு போவதைக் கண்டால் வாய் திறந்திருக்கிறது என்று பொருள். திறந்த வாயின் ஆழம் ஒரே நாளில் மாறும். நேற்று ஒருவர் முழங்கால் தண்ணீரில் தாண்டினார் என்பது இன்றைக்குச் சாட்சி ஆகாது.

முள்வாங்கி:

பெயருக்கேற்ற பதிவு. வேலிக்கருவை முள் நுரை ரப்பர் அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளே வரும். நடைக்கென்று விற்கிற மெத்தென்ற காலணிகள்தான் முதலில் தோற்கும். கெட்டியான ரப்பர் அடியும் பின்வாரும் உள்ள செருப்பு சேற்றுக்கும் மணலுக்கும் போதும். முள் முறிந்து உள்ளே தங்கினால் வீங்கிச் சீழ் வைக்கும், அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். முள்வாங்கி, ஊசி, கிருமிநாசினி மூன்றும் பையின் மேலறையில் இருக்கட்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்று கிளம்பும் முன் பாருங்கள்.

வலை உதறிய இடங்களில் காய்ந்த கெளுத்தி முள் கிடக்கும். கரை ஒதுங்கிய பாசிக் குவியலை மிதித்துப் போகாமல் சுற்றிப் போங்கள். முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டி வந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடங்கள், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். அது குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பாம்பன்காரன்:

உச்சிப்புளிக்குக் கிழக்கே நிலம் நாக்கு மாதிரி ஒடுங்கிப் போகிறது. வழி மாற்றுவதற்கு இதைவிட வசதியான இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. வடக்கே அரியமான் கரை, தெற்கே புதுமடம், வேதாளை. வாடை அடித்தால் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் மாறுங்கள், கச்சான் அடித்தால் வடகடல் பக்கம். மண்டபத்தை நெருங்க நெருங்க ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போகும் தூரம் குறைந்துகொண்டே வரும். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. வேலி ஓரமாக நடப்பது, படம் எடுப்பது, டிரோன் பறக்கவிடுவது எதுவும் வேண்டாம்.

பாம்பனில் நடந்து போக 1988-ல் திறந்த சாலைப் பாலம்தான் ஒரே வழி. நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் ஒதுங்க இடமில்லை. ரயில் பாலத்தில் ஏறுவது குற்றம். 2025 ஏப்ரலில் தூக்குப் பாலத்தோடு புதிய ரயில் பாலம் திறந்த பிறகு, வேடிக்கை பார்க்கச் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் நிறைய. விடிந்த உடனே தாண்டிவிட்டால் இந்த நெரிசலில் மாட்டாமல் போகலாம். பக்கக்காற்று பலமாக இருந்தால் பையின் மழையுறையைக் கழற்றி உள்ளே வையுங்கள், பாய் விரித்தது போல அது காற்றைப் பிடித்து ஆளையே சாலைக்குள் தள்ளும். குடை வேண்டவே வேண்டாம்.

தனுஷ்கோடிப் பகுதி பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-ல் வந்தது. அதற்கு முன் மணலில் டயர்த் தடம் பிடித்துப் போன காலத்துக் குறிப்புகள் இன்னும் சுற்றிவருகின்றன, அவற்றைத் தள்ளிவிடுங்கள். இப்போது கேள்வி சாலையா, தென்கரையா என்பதுதான்.

தென்கரையில் மணல் சரிவாகவும் பொலபொலப்பாகவும் இருக்கும். அலை நனைத்துவிட்டுப் போன ஈரப்பட்டைதான் கெட்டி. அது வற்றத்தில் அகலமாகக் கிடைக்கும், ஏற்றத்தில் காணாது. ஒரே பக்கம் சரிந்த தரையில் பல மணி நேரம் நடந்தால் ஒரு முழங்கால் மட்டும் வலிக்கும், போகும்போது கரையும் வரும்போது சாலையும் என்று மாற்றிக்கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் மணலை அள்ளிச் சாலைமேல் கொட்டும். கண்ணாடியும் முகத்துணியும் இல்லாமல் பிற்பகலில் நடக்க முடியாது. அந்த மாதங்களில் விடிகாலையில் போய் வெயில் ஏறுமுன் திரும்புங்கள்.

சாலைக்கு வடக்கே உள்ள சதுப்பு வெள்ளையாய்க் காய்ந்து, நடக்கக் கூப்பிடுவது போலத் தெரியும். மேலே உப்புப் பொருக்கு, கீழே சேறு. போதாததற்கு, தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று 2025-ல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். பறவை கூடியிருக்கும் நீர்ப்பரப்புக்குள் கால் வைக்கக் கூடாது, சாலையிலிருந்தே பாருங்கள். சாயங்காலத்தில் சோதனைச் சாவடி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். கூடாரம் போடும் எண்ணத்தோடு வராதீர்கள், தங்குவது இராமேசுவரத்தில்தான். அரிச்சல்முனையில் இரண்டு கடலின் நீரோட்டமும் மோதுகிறது, முழங்காலளவு தண்ணீரிலேயே காலடி மணல் ஓடிவிடும். அங்கே குளிக்க வேண்டாம்.

தண்ணீர் ஆளுக்கு நாலு லிட்டர் சுமந்தே போங்கள். கடைகளில் புட்டி கிடைக்கும், ஆனால் காற்று நாளில் கடை திறக்காது. மணலில் தோண்டிய ஊற்றுகளில் நல்ல தண்ணீர் உண்டு, மழைநீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதப்பதுதான் அது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அங்கே குடியிருப்பவர்களின் குடிநீர் அது, கேட்காமல் கை வைக்காதீர்கள்.

தென்கடல்:

மூக்கையூரிலிருந்து கிழக்கே வருகிறவர்களுக்குச் சுருக்கமாக. குண்டாறு கடலில் சேரும் இடத்துக்கும் வைகைக்குச் சொன்ன அதே கணக்கு. மீன்பிடித் துறைமுக வளாகத்துக்குள் நுழைந்து நடக்க முடியாது, ஊருக்குள் புகுந்து வெளியே வாருங்கள். வாலிநோக்கத்தில் உப்பளங்கள். பாத்தி வரப்பு ஒரு ஆள் அகலம், ஈரத்தில் வழுக்கும், மிதித்து உடைந்தால் ஒருவருடைய உழைப்பு போகும். சாலைதான் வழி. ஏர்வாடி, கீழக்கரை, சேதுக்கரை வரை கரையில் பவளக்கல் சில்லுகள் நிறைய, வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

தூண்டில் வளைவு, அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல்வரிசை போட்ட ஊர்களில் கல்லின் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரித்துப் போகும். அகலமான கரையில் வந்து கல்லைத் தாண்டியதும் நேரே தண்ணீர் நிற்கும். கற்கள்மேல் ஏறிப் போக வேண்டாம், பாசி வழுக்கும், இடுக்கில் கால் போனால் முறியும். கரைக்கு எதிரே தெரியும் தீவுகள் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. 21 தீவுகளிலும் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது, படகுக்காரர் கூப்பிட்டாலும்.

சித்திரை, வைகாசியில் கள்ளக்கடலைக் கவனியுங்கள். காற்றே இல்லாத நாளில், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய நெடிய அலை வந்து கரையேறும். வானத்தைப் பார்த்து அறிய முடியாது. ஐதராபாத்தில் இருந்து இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தரும் எச்சரிக்கை ஒன்றுதான் வழி.

நீர்வாடு:

எச்சரிக்கை பற்றி ஒரு சேர்க்கை. பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டின் எண்ணை வைத்து முடிவெடுக்கலாம். 1, 2 என்றால் புயல் தொலைவில், அன்றைய நடையைச் சாலைக்கு மாற்றுங்கள். 3-ஆம் எண் ஏறினால் பாம்பன் பாலம், தனுஷ்கோடி இரண்டையும் விடுங்கள். 4-க்கு மேல் என்றால் பேருந்து ஏறி இராமநாதபுரம். இது கப்பல்களுக்கான கூண்டு, நடப்பவர்களுக்கு நானாக வகுத்துக்கொண்ட கணக்கு இது. படகுகள் கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டை நிறுத்திவிட்டதா என்று ஏலக்கூடத்தில் கேட்டாலும் தெரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது டோக்கனை வைத்து எதையும் கணிக்க முடியாது, நாட்டுப்படகுக்காரர்களிடம் கேளுங்கள். பாம்பனைச் சுற்றி இருக்கும்போது கடல் ஓசை 90.4 பண்பலையும் கேட்கலாம்.

தொண்டிவாசி:

கடலோரக் காவல் குழுமத்தார் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி விசாரிப்பார்கள், ஆதார் அட்டை அசல் கையில் இருக்கட்டும். கரையில் மூட்டையோ பொட்டலமோ ஒதுங்கிக் கிடந்தால் தொடாமல் அவர்களுடைய உதவி எண் 1093-க்குச் சொல்லுங்கள். தனுஷ்கோடியில் கைபேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், முகுந்தராயர் சத்திரத்திலேயே ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.