கீசரை எதிர்ச் சுவருக்கு மாற்றணும்: பழைய ஜிஐ லைனில் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்) சேர்க்க உதவி வேண்டும்

வண்ணை21:
எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், மாமனாருடைய அப்பா காலத்துக் கட்டடம். முதல் மாடியில் இருக்கிறோம். குளியலறையில் 15 லிட்டர் கீசர், 2000 வாட், நிற்க வைத்து மாட்டும் வகை. மாட்டியிருப்பது நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில். மழையில் சுவர் ஊறி, போல்ட்டைச் சுற்றிப் பூச்சு பொலபொலவென்று உதிர்கிறது. கை வைத்தால் இடது பக்கம் லேசாக ஆடுகிறது. அதற்கு நேர் கீழேதான் மாமியார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிப்பார். எனக்கு அதுதான் பயம்.

எதிர்ப்பக்கம் 9 அங்குல வெளிச்சுவர். அங்கே மாற்றிவிடலாம் என்றால் பைப் இடிக்கிறது. பச்சைத் தண்ணீர், வெந்நீர் இரண்டுமே சுவருக்குள் போகும் பழைய அரை அங்குல ஜிஐ, அதாவது நாகம் பூசிய இரும்பு பைப். வந்து பார்த்த பிளம்பர், கதவு ஓரத்தில் ஜிஐயை அறுத்துவிட்டு அங்கிருந்து இரண்டு லைனுக்கும் வெள்ளை யுபிவிசி (சாதாரண பிளாஸ்டிக் பைப்) போட்டால் செலவு குறையும் என்கிறார். சேஃப்டி வால்வு சொட்டுகிறதே என்று கேட்டதற்கு, அதை எடுத்துவிட்டு டம்மி (வெறும் அடைப்பு மூடி) அடித்துவிடலாம் என்கிறார். பரணுக்குக் கீழே உயரம் குறைவு என்பதால் கீசரைப் படுக்க வைத்தும் மாட்டலாமாம். மூன்றுமே சரியா? அப்படியே சமையலறை சிங்க்குக்கும் வெந்நீர் கொண்டுபோக ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம்13:
அக்கா, பைப் கதை அப்புறம். முதலில் அந்தக் கீசரின் சுவிட்சை அணைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் மட்டுமே 15 கிலோ, தொட்டியும் கூடும் சேர்த்தால் 20 கிலோவுக்கு மேல். வேலை முடியும்வரை அம்மா அடுப்பில் வைத்த வெந்நீரில் குளிக்கட்டும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. எங்கள் வீடும் அப்படித்தான். செங்கல் இணைப்பில் ஓட்டை போட்டால் ஆங்கர் போல்ட் பிடிக்காது, முறுக்க முறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். செங்கல்லின் நடுவில் துளை விழ வேண்டும். கல்லே பொடியாக உதிர்ந்தால் சுவரை முழுக்கத் துளைத்து நீள போல்ட் விட்டு, வெளிப்பக்கம் பட்டைத் தகடு வைத்து நட்டு போடுங்கள். வெளியே கடல் காற்று படும், அதனால் போல்ட்டும் தகடும் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு)தான். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் அளவு சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

பெரம்பூர்11:
நான் பிளம்பிங் வேலை செய்கிறவன். மூன்றுக்கும் என் பதில், வேண்டாம் என்பதுதான்.

படுக்க வைப்பது: நிற்கிற மாடலில் வெந்நீர் வெளியேறும் குழாய் உள்ளே தொட்டியின் உச்சிவரை போகும். படுக்க வைத்தால் தொட்டி நிரம்பாது, காயில் தண்ணீருக்கு வெளியே நின்று எரிந்துபோகும். படுக்கை மாடல் தனியாக விற்கிறார்கள். உயரம் போதவில்லை என்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

யுபிவிசி: பச்சைத் தண்ணீருக்குச் சரி. 60 டிகிரி வெந்நீர் தினமும் ஓடினால் குழைந்து வளையும், ஜாயின்ட் விடும். வெந்நீர் லைனுக்கு சிபிவிசிதான். கீசரை ஒட்டிய பச்சைத் தண்ணீர்ப் பக்கமும் சூடேறும், அதனால் அங்கேயும் அதையே போடுங்கள். இரண்டும் வேறு வேறு அளவு. அரை அங்குல சிபிவிசியின் வெளி விட்டம் 15.9 மில்லிமீட்டர், யுபிவிசி 21 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒன்றின் பிட்டிங் மற்றதற்குப் பொருந்தாது, பசையும் வேறு.

இப்போது ஜிஐ. நடுவில் அறுக்க விடாதீர்கள். அறுத்தால் டை போட்டு மறை (திருகுப் புரி) வெட்ட வேண்டும். பழைய பைப் உள்ளே அரித்து மெலிந்திருக்கும், மறை வெட்டும்போதே கிழிந்துவிடும். எங்கே எல்போ (பைப் திரும்பும் வளைவு இணைப்பு) இருக்கிறதோ அதுவரை பூச்சை உடைத்து, அந்த எல்போவைக் கழற்றுங்கள். ரெஞ்ச் இரண்டு வேண்டும். ஒன்று சுவருக்குள் போகும் பைப்பை இறுக்கிப் பிடித்து நிற்க, மற்றது எல்போவைத் திருப்ப வேண்டும். ஒரே ரெஞ்சால் திருப்பினால் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஜாயின்ட்டும் சேர்ந்து சுற்றும். சில நாள் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும்போதுதான் தெரியவரும்.

கழற்றியதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். துரு கட்டி வழி பாதிக்கு மேல் அடைத்திருந்தால் அந்த ஜிஐயோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாடித் தொட்டியிலிருந்து புது லைன் இழுப்பதே நல்லது. சுத்தமாக இருந்தால் ஜிஐ மறையில் சாக்கெட் போட்டு, அதில் பித்தளை மறை உள்ள எம்டிஏவை (வெளிப்பக்கம் மறை உள்ள அடாப்டர்) ஏற்றுங்கள். முழுப் பிளாஸ்டிக் மறை வேண்டாம், சூடு ஏறி ஆறும்போது கசியும். டெஃப்லான் டேப்பை மறை முறுகும் திசையிலேயே சுற்றணும், எதிர்த்திசையில் சுற்றினால் ஏற்றும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். பித்தளையை முழுதாக முறுக்கி முடித்த பிறகுதான் பைப்பைப் பசை போட்டுச் சொருக வேண்டும். ஒட்டிய பிறகு முறுக்கினால் ஒட்டு விட்டுப்போகும்.

வெந்நீரில் சிபிவிசி நீளும். 3 மீட்டர் லைன் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். அதனால் கிளாம்பில் நெரிக்காமல் நகர இடம் விடுங்கள். கடைசியில் கீசர் வாயில் எஸ்எஸ் பின்னல் போட்ட கனெக்‌ஷன் பைப் கொடுங்கள், பிளாஸ்டிக்கை நேரே கீசரில் முறுக்க வேண்டாம். ஒட்டிய நாளே வெந்நீர் விடாதீர்கள், ஒரு நாள் காயட்டும்.

தண்டையார்பேட்டை81:
எங்கள் வீட்டில் சேஃப்டி வால்வை எடுத்து டம்மி போட்டு வருஷக்கணக்கில் ஓடுகிறது. ஒன்றும் ஆகவில்லை. சொட்டிக்கொண்டே இருந்தால் தரை பாசி பிடித்து வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள், அதையும் யோசியுங்கள்.

பெரம்பூர்11:
வழுக்கும் என்பது நியாயமான கவலை. அதற்கு வழி, வால்வின் சின்ன மூக்கில் ஒரு டியூப் மாட்டித் தரைக் குழிவரை இறக்குவது. டியூபின் முனை திறந்தே இருக்கணும்.

ஆனால் டம்மி விஷயத்தில் அண்ணன் சொல்வதை யாரும் செய்ய வேண்டாம். தண்ணீர் சூடானால் பெருகும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோனால் கால் லிட்டர் அளவு கூடுகிறது. அந்த வால்வுக்குள்ளேயே தண்ணீரைத் திரும்ப விடாத தடுப்பும் இருக்கிறது, குழாயும் மூடியிருக்கிறது. பெருகிய தண்ணீர் எங்கே போகும்? 8 பார் அழுத்தம் வந்ததும் வால்வு திறந்து சொட்டுவது அதனால்தான். மாடித் தொட்டியால் வரும் அழுத்தம் 10 மீட்டர் உயரத்துக்கே 1 பார்தான், அதை வைத்து 8 எவ்வளவு என்று பாருங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் கட்அவுட்டும் வேலை செய்யாமல் போகும் நாளில் அந்த வால்வு ஒன்றுதான் மிச்சம். அண்ணே, உங்கள் வீட்டிலும் அந்த டம்மியைக் கழற்றிப் புது வால்வு போட்டுவிடுங்கள், தயவுசெய்து.

சூடேறும்போது சொட்டினால் கோளாறு இல்லை. கீசர் ஆறிக் கிடக்கும்போதும் சொட்டினால் உள்ளே உப்பு படிந்திருக்கும். நெம்புகோலைத் தூக்கிக் கொஞ்சம் தண்ணீர் பாய விடுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள்.

கொருக்குப்பேட்டை ஒயர்மேன்:
கரண்ட் பக்கம் யாரும் சொல்லவில்லை. 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். பழைய பிளக் பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுக்காதீர்கள். போர்டிலிருந்து தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், ஷவர் தண்ணீர் படாத இடத்தில். அதைவிட முக்கியம் எர்த். பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் ஒயரே இருக்காது. திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இந்த வேலையோடு போட்டுவிடுங்கள்.

வண்ணை21:
எல்லோருக்கும் நன்றி. கீசரை இறக்கியாயிற்று. வேறு பிளம்பர் வந்து இரண்டு ரெஞ்ச் வைத்துத்தான் எல்போவைக் கழற்றினார். உள்ளே பார்த்தேன், சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் செம்மண் நிறத்தில் துரு. மாடித் தொட்டியிலிருந்து புது சிபிவிசி என்று முடிவு செய்துவிட்டோம். எர்த் ஒயரும் இல்லைதான், அதையும் இழுக்கிறார்கள். சமையலறை சிங்க் கீசரிலிருந்து 6 மீட்டர் தள்ளி. லைன் கொடுக்கலாமா?

பெரம்பூர்11:
அரை அங்குல சிபிவிசியில் மீட்டருக்கு 120 மில்லி நிற்கும். 6 மீட்டருக்கு முக்கால் லிட்டர். ஒவ்வொரு முறையும் அந்த ஆறின தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சூடு வரும். நம் ஏரியாவில் தண்ணீரை அப்படிக் கொட்ட மனசு வராது. சிங்க்குக்குக் கீழே 3 லிட்டர் கீசர் தனியாக வைப்பது மேல். அது 3000 வாட், 13 ஆம்பியர், அதனால் ஒயர்மேன் இருக்கும்போதே அதற்கும் தனி லைன் கேளுங்கள்.

கீசர் கீழே இருக்கும்போதே மெக்னீசியம் ராடையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். தொட்டிக்குப் பதிலாக அரிபடத்தான் அதை வைத்திருக்கிறார்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது தெரிந்த விஷயம், நம் பக்கத்திலும் நிறைய வீடுகளில் சம்பில் போர்த் தண்ணீரும் கலக்கிறது. உப்புத் தண்ணீரில் ராட் சீக்கிரம் கரைந்துவிடும். கம்பி மட்டும் மிச்சமிருந்தால் மாற்றுங்கள்.

மாட்டியதும் முதலில் பாத்ரூம் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். காற்று இரைச்சல் நின்று, தண்ணீர் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வந்த பிறகுதான் சுவிட்ச்.

வண்ணை21:
மாட்டியாயிற்று. நீள போல்ட், எஸ்எஸ் தகடுதான் போட்டோம், தொங்கிப் பார்த்தாலும் அசையவில்லை. ராட் பாதிக்கு மேல் கரைந்திருந்தது, புதிது போட்டாயிற்று. தண்ணீர் பிடிக்கும் பழைய வெந்நீர்க் குழாயில் மட்டும் பித்தளை எஃப்டிஏ (உள்பக்கம் மறை உள்ள அடாப்டர்) சேரும் இடத்தில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டுகிறது, சொட்டவில்லை. இன்னொரு கால் சுற்று முறுக்கச் சொல்லட்டுமா?

பெரம்பூர்11:
முறுக்க வேண்டாம், பைப் ஒட்டியாயிற்று, ஒட்டுதான் விடும். டிஷ்யூ சுற்றி வைத்து ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் காய்ந்திருந்தால் அது வேலை செய்தபோது பட்ட ஈரம். நனைந்திருந்தால் ஆங்கிள் காக்கை (லைனை அடைக்கும் வால்வு) மூடி, லைனை வடித்து, அந்த இடத்தில் ஒரு சாண் பைப்பை வெட்டி எடுத்து, மறையைத் துடைத்துப் புது டேப் சுற்றி, கப்ளிங் போட்டுத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலைதான், கூலி தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.